சொல்லாமல் விட்ட வரி: ஒரு நெட்வொர்க் ப்ரொஃபைலுக்கு விளக்கவுரை

லினக்ஸ் கணினிகளில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் நெட்வொர்க்மேனேஜர் என்ற மென்பொருளிடம் இருக்கிறது. ரெட் ஹேட் நிறுவனம் 2004-இல் தொடங்கிய திட்டம் இது. இன்று ஃபெடோரா, ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ், உபுண்டு டெஸ்க்டாப் ஆகியவற்றில் இயல்பாகவே வருகிறது. மடிக்கணினியில் வைஃபை பெயரைத் தட்டியதும் இணைப்பு வருகிறதே, அதைச் செய்வது இதுதான். ஒரு லேன் போர்ட்டும் ஒரு வைஃபை கார்டும் மட்டும் உள்ள கணினியில் அது எப்படி முடிவெடுக்கிறது என்று கேட்க வேண்டிய அவசியம் வராது. இரண்டு லேன் போர்ட் உள்ள சர்வரில், அதுவும் நினைத்தவுடன் நேரில் போக முடியாத ஊரில் இருக்கும் சர்வரில், இணைப்பு எதிர்பாராத போர்ட்டில் போய் உட்கார்ந்துகொண்டால்தான் கேள்வி பிறக்கிறது. நான் பெயர் சொன்னது ஒரு ப்ரொஃபைலை, அதாவது ஓர் இணைப்பின் அமைப்புகளை எழுதி வைத்த கோப்பை. சாதனத்தைத் தேர்ந்தது யார், எதை வைத்து?

விடை ப்ரொஃபைல் கோப்பின் வரிகளிலேயே இருக்கிறது. அதைவிட அதிகமாக, அந்தக் கோப்பில் எழுதாமல் விட்ட வரிகளில் இருக்கிறது. அதைக் காட்டத்தான் இந்த உரை. மூலமாக ஒரு சிறு ப்ரொஃபைல், அதை இயக்கும் கட்டளை, கட்டளை தோற்றால் வரும் செய்தி மூன்றையும் எடுத்துக்கொள்வோம். கோப்பில் ஆங்கில எழுத்தில் இருக்கும் சொற்களை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். பிழைச்செய்தியைப் பொருள்படத் தமிழாக்கியிருக்கிறேன்.

மூலம்

[கனெக்‌ஷன்]
ஐடி=அலுவலகம்
டைப்=ஈதர்நெட்
இன்டர்ஃபேஸ்-நேம்=ஈஎன்பி3எஸ்0
ஆட்டோகனெக்ட்-ப்ரையாரிட்டி=10
மல்டி-கனெக்ட்=1

[ஈதர்நெட்]
மேக்-அட்ரஸ்=52:54:00:12:34:56

கட்டளை: என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் அப் ஐடி அலுவலகம்

செய்தி: இந்த இணைப்புக்கு ஏற்ற சாதனம் கிடைக்கவில்லை (ஈஎன்பி4எஸ்0 கிடைக்காது, காரணம், ப்ரொஃபைல் சாதனத்தோடு பொருந்தவில்லை: இன்டர்ஃபேஸ் பெயர் வேறு)

உரை

"ஐடி=அலுவலகம்"

இது மனிதர்களுக்கான பெயர். சாதனத் தேர்வில் இதற்குப் பங்கு எதுவும் இல்லை. இரண்டு ப்ரொஃபைல்கள் ஒரே ஐடியோடு இருக்கலாம், நெட்வொர்க்மேனேஜர் தடுக்காது. ஒவ்வொன்றுக்கும் தனித்து இருப்பது யுயுஐடி என்ற நீண்ட எண். நீளம் கருதி அந்த வரியை மூலத்தில் விட்டிருக்கிறேன். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் ஐடிக்குப் பதில் யுயுஐடியைப் பயன்படுத்துவது நல்லது.

"டைப்=ஈதர்நெட்"

முதல் சல்லடை இதுதான். ஈதர்நெட் என்று எழுதியதும் வைஃபை கார்டு, மொபைல் மோடம், லூப்பேக் எல்லாம் போட்டியிலிருந்து விலகிவிடுகின்றன. மிச்சம் இருப்பவை கம்பி போர்ட்டுகள்.

இந்த வரியில் வேறு மதிப்பு இருந்தால் கதையே மாறும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிரிட்ஜ், பாண்ட், விலேன் போன்ற வகைகளுக்குத் தேடி எடுக்க வன்பொருள் கிடையாது. அவை மென்பொருளுக்குள் உருவாகும் சாதனங்கள். அப்படியொரு ப்ரொஃபைலை இயக்கினால், அந்தப் பெயரில் சாதனம் ஏற்கெனவே இல்லாத பட்சத்தில் நெட்வொர்க்மேனேஜர் தானே உருவாக்கும். அங்கே இன்டர்ஃபேஸ் பெயர் என்பது பிறக்கப்போகும் சாதனத்துக்கு இடும் பெயர். விபிஎன் இன்னொரு வகை: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இணைப்பின் மேல் அது ஏறிக்கொள்கிறது. ஆக, சாதனத் தேர்வு என்ற கேள்வி கூர்மையாக எழுவது ஈதர்நெட், வைஃபை போன்ற வன்பொருள் வகைகளில்தான்.

"இன்டர்ஃபேஸ்-நேம்=ஈஎன்பி3எஸ்0"

இந்த வரியில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வரி இருந்தால், அந்தப் பெயருள்ள சாதனத்தில் மட்டுமே ப்ரொஃபைல் இயங்கும். வரி இல்லாவிட்டால், வகை பொருந்தும் எந்தச் சாதனத்திலும் இயங்கலாம். பலர் தடுக்கி விழும் இடம் இதுவே. ப்ரொஃபைலை உருவாக்கும்போது ஒரு குறிப்பிட்ட போர்ட்டை மனத்தில் வைத்துக்கொண்டு உருவாக்குகிறோம். அதே போர்ட்டில் மாதக்கணக்கில் ஓடவும் ஓடுகிறது. ஆகவே இந்த ப்ரொஃபைல் அந்த போர்ட்டுக்கு உரியது என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. கோப்பில் அப்படி எதுவும் எழுதப்பட்டிருக்காது. ப்ரொஃபைலைப் பணி நியமன ஆணைபோல நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது தகுதி அறிவிப்பு போன்றது. யார் பெயரும் அதில் இல்லையென்றால், தகுதியுள்ள யாரும் வரலாம்.

சரி, பெயரை எழுதிவிட்டோம். அந்தப் பெயர் எவ்வளவு உறுதியானது? முன்காலத்தில் கர்னல் கண்டுபிடிக்கும் வரிசையில் ஈடிஎச்0, ஈடிஎச்1 என்று பெயர் வரும்; ஒரு ரீபூட்டில் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும் ஆபத்து இருந்தது. 2013-இல் வெளியான சிஸ்டம்டி 197-ஆம் பதிப்பிலிருந்து, வன்பொருள் இருக்கும் இடத்தை வைத்துப் பெயரிடும் முறை வந்தது. ஈஎன் என்றால் ஈதர்நெட், பி3 என்றால் பிசிஐ பஸ் 3, எஸ்0 என்றால் ஸ்லாட் 0. ரீபூட் செய்தால் மாறாது. ஆனால் வன்பொருளில் கை வைத்தால் மாறக்கூடும். புதிதாக ஒரு பிசிஐ கார்டைச் செருகினால் பஸ் எண்கள் நகரலாம்; நேற்று ஈஎன்பி3எஸ்0 ஆக இருந்தது இன்று ஈஎன்பி4எஸ்0 ஆகிவிடும். கிராஃபிக்ஸ் கார்டு போட்டேன், இணையம் போய்விட்டது என்று சொல்பவர்களின் கணினியில் பல நேரம் நடந்திருப்பது இதுதான். கார்டு நன்றாக இருக்கிறது, கேபிளும் நன்றாக இருக்கிறது. ப்ரொஃபைல் தேடும் பெயரில் மட்டும் யாரும் இல்லை.

ஒரே பெயரைக் குறிப்பிடாமல் ஒரு கூட்டத்தைக் குறிப்பிடவும் வழி உண்டு. அதற்கு மேட்ச் என்ற தனிப் பகுதி இருக்கிறது. அதில் இன்டர்ஃபேஸ் பெயரை நட்சத்திரக் குறியோடு எழுதலாம். ஈஎன்பி* என்றால் அப்படித் தொடங்கும் எல்லாம் சேரும். நெட்வொர்க்மேனேஜரின் 1.26-ஆம் பதிப்பிலிருந்து டிரைவரின் பெயரை வைத்தும், பிசிஐ-0000:03:00.0 என்பது போன்ற வன்பொருள் பாதையை வைத்தும் பொருத்தலாம். ஒரே மாதிரிப் பல சர்வர்களுக்கு ஒரே கோப்பை அனுப்புகிறவர்களுக்கு இது பெரிய உதவி. வீட்டுக் கணினிக்குத் தேவைப்படாது.

"மேக்-அட்ரஸ்=52:54:00:12:34:56"

மூலத்தில் இது கடைசியில் வந்தாலும் மேல் வரியோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. இந்த வரி சாதனத்தின் முகவரியை மாற்றுவதில்லை. இந்த முகவரியுள்ள சாதனத்துக்கு மட்டும் இந்த ப்ரொஃபைல் என்று எல்லை கட்டுகிறது. முகவரியை மாற்றிக் காட்டுவதற்கு உள்ளது க்ளோன்ட்-மேக்-அட்ரஸ் என்ற வேறொரு வரி. இரண்டையும் குழப்பிக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. ஒப்பிடப்படுவது கார்டின் நிரந்தர முகவரி. தற்காலிகமாகச் சூட்டிக்கொண்டிருக்கும் முகவரி கணக்கில் வராது. வைஃபை கார்டுகள் தேடும்போது தற்செயல் முகவரிகளைச் சூட்டிக்கொள்ளும் இந்தக் காலத்தில் இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பொருத்தமே நடக்காது.

பெயரா, மேக் முகவரியா? பெயர் இடத்தைக் குறிக்கிறது, மேக் முகவரி கார்டைக் குறிக்கிறது. பழுதான கார்டை எடுத்துவிட்டு அதே ஸ்லாட்டில் புதியதைப் போட்டால் பெயர் நிலைக்கும், மேக் மாறிவிடும். அதே கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் மேக் நிலைக்கும், பெயர் மாறிவிடும். மெய்நிகர் கணினியைக் குளோன் செய்தால் குளோனுக்குப் பெரும்பாலும் புதிய மேக் கிடைக்கும். பழைய மேக்கை எழுதி வைத்த ப்ரொஃபைல் அங்கே செத்த காகிதம். நம் மாதிரியில் உள்ள 52:54:00 என்ற தொடக்கம் க்யூஇஎம்யு மெய்நிகர் கார்டுகளில் வழக்கமாகக் காண்பது என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

இரண்டு வரியும் இருந்தால் இரண்டும் பொருந்தியாக வேண்டும். ஒன்று பொருந்தினால் போதும் என்ற சலுகை இல்லை. மூலத்தில் உரைக்காக இரண்டையும் வைத்தேன். நடைமுறையில் ஒன்றே போதும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு எழுதுவதால் பாதுகாப்பு கூடுவதில்லை. தோற்பதற்கான இடம்தான் இரட்டிப்பாகிறது. மெய்நிகர் கணினிகளில் பெயரை எழுதுங்கள். கார்டுகளை அடிக்கடி செருகி எடுக்கும் மேசைக் கணினியில் மேக்கை எழுதுங்கள்.

"மல்டி-கனெக்ட்=1"

1 என்றால் ஒற்றை. இந்த ப்ரொஃபைல் ஒரு நேரத்தில் ஒரு சாதனத்தில் மட்டுமே உயிரோடு இருக்கும். வரியை எழுதாவிட்டாலும் இதுவே நடக்கும். ஒரு போர்ட்டில் ஓடிக்கொண்டிருப்பதை இன்னொரு போர்ட்டின் பெயர் சொல்லி இயக்கினால், பழைய போர்ட்டிலிருந்து இறங்கிப் புதியதில் ஏறும். எஸ்எஸ்எச் வழியாக அந்தப் பழைய போர்ட்டில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்தால் நாம் உட்கார்ந்த கிளையை நாமே வெட்டியதாகும்.

3 என்று எழுதினால் ஒரே ப்ரொஃபைல் பல சாதனங்களில் ஒரே நேரத்தில், தானாகவும் இயங்கும். 2 என்றால் நாம் கட்டளையிட்டால் பலவற்றில் இயங்கும், தானாக இணையும்போது ஒன்றில் மட்டும். கணினி எழும்பும் ஆரம்பக் கட்டத்தில், எந்த போர்ட்டில் கேபிள் இருக்கிறது என்று தெரியாத நிலையில், நெட்வொர்க்மேனேஜரின் துணைக்கருவி உருவாக்கும் ப்ரொஃபைலில் 3 இருக்கும். எல்லா போர்ட்டிலும் டிஎச்சிபி முயன்று பார்க்க அது வழி. நிலையான ஐபி எழுதிய ப்ரொஃபைலில் மட்டும் 3 போடாதீர்கள். ஒரே முகவரி இரண்டு போர்ட்டில் உட்காரும்.

"என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் அப் ஐடி அலுவலகம்"

இப்போது உரையின் மையத்துக்கு வந்துவிட்டோம். என்எம்சிஎல்ஐ என்பது நெட்வொர்க்மேனேஜரின் கட்டளைவரிக் கருவி. இந்தக் கட்டளை, நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் டி-பஸ் வழியாக நெட்வொர்க்மேனேஜருக்கு ஒரு கோரிக்கையாகப் போகிறது. கோரிக்கையில் மூன்று இடங்கள்: எந்த ப்ரொஃபைல், எந்தச் சாதனம், எந்தக் குறிப்பிட்ட பொருள். மூன்றாவது பெரும்பாலும் வைஃபைக்கானது. எந்த அக்சஸ் பாயிண்ட் என்று சொல்லலாம். நம் கட்டளையில் ப்ரொஃபைல் மட்டும் இருக்கிறது. சாதனத்தின் இடத்தில் வெறும் "/" குறி போகிறது. அதற்குப் பொருள், நீயே பார்த்துக்கொள் என்பது.

அது எப்படிப் பார்த்துக்கொள்கிறது? முதலில், இந்த ப்ரொஃபைல் ஒற்றை வகையா, ஏற்கெனவே எங்காவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கும். ஓடினால் அதே சாதனத்துக்கே முன்னுரிமை. மாற்றிய ஐபியை நடைமுறைக்குக் கொண்டுவர மறுபடி அப் கொடுக்கிறோமே, அது வேறு போர்ட்டுக்குத் தாவாமல் இருக்கக் காரணம் இந்த விதி.

எங்கும் ஓடவில்லை என்றால் சாதனங்களை ஒவ்வொன்றாக எடுத்து, மேலே உரைத்த வரிகளோடு பொருந்துகிறதா என்று சோதிக்கும். பொருந்துபவை பலவாக இருந்தால் அவற்றின் அப்போதைய நிலையைப் பார்க்கும். சும்மா இருக்கும் சாதனத்துக்கு முதலிடம். அடுத்து, வேறு ப்ரொஃபைலோடு இணைந்து ஓடிக்கொண்டிருப்பது. அதற்கும் அடுத்து, இணையும் முயற்சியின் நடுவில் இருப்பது. இணைப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருப்பது அதற்கும் கீழே. சும்மா இருப்பதைத் தேர்வதால் யாருடைய இணைப்பும் அறுவதில்லை, நல்ல விதி. ஆனால் இரண்டாம் இடத்தைக் கவனியுங்கள். சும்மா இருப்பது ஒன்றுமே இல்லை என்றால், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு போர்ட்டின் மேல் நம் ப்ரொஃபைல் ஏறும். அங்கே இருந்தது வெளியேற்றப்படும். நீங்கள் கேட்டதைத்தான் அது செய்தது. எந்த போர்ட் என்று சொல்லாதவர் நீங்கள்.

ஒரே நிலையில் இரண்டு சாதனங்கள் இருந்தால்? இரண்டு போர்ட்டும் சும்மா இருக்கின்றன, இரண்டிலும் கேபிள் இருக்கிறது. அப்போது அதன் உள்பட்டியலில் முதலில் வருவது எடுத்துக்கொள்ளப்படும். அந்த வரிசையை நம்பி எதையும் கட்டாதீர்கள்.

கட்டளையின் கடைசியில் இஃப்நேம் என்று எழுதிச் சாதனத்தின் பெயரைச் சேர்த்தால் இந்தத் தேடல் முழுவதும் தவிர்க்கப்படும். ஆனால் பொருத்தம் பார்ப்பது தவிர்க்கப்படாது. ப்ரொஃபைலில் ஒரு பெயரும் கட்டளையில் வேறு பெயரும் இருந்தால் கட்டளை தோற்கும். இதற்கு நேர் எதிர்த் திசையிலும் கட்டளை உண்டு. டிவைஸ் கனெக்ட் என்று சாதனத்தின் பெயரைச் சொன்னால், அதற்கேற்ற ப்ரொஃபைலைத் தேடும். தானாக இணைய வேண்டாம் என்று குறித்தவற்றையும் பரிசீலிக்கும். எதுவுமே கிடைக்காவிட்டால் புதிதாக ஒரு ப்ரொஃபைலையே உருவாக்கி இயக்கிவிடும். டிவைஸ் கனெக்ட் கொடுத்தபின் பெயர் தெரியாத ப்ரொஃபைல் ஒன்று பட்டியலில் முளைத்திருப்பதன் காரணம் இது.

"ஆட்டோகனெக்ட்-ப்ரையாரிட்டி=10"

நாம் கட்டளையிடும்போது ப்ரொஃபைல் சாதனத்தைத் தேடுகிறது. தானாக இணையும்போது சாதனம் ப்ரொஃபைலைத் தேடுகிறது. ஒரு போர்ட் சும்மா இருக்கும் நிலைக்கு வந்ததும், தனக்குப் பொருந்தும் ப்ரொஃபைல்களை வரிசைப்படுத்தும். இந்த எண் பெரிதாக இருப்பது முதலில். மதிப்பு -999 முதல் 999 வரை இருக்கலாம், எழுதாவிட்டால் 0. எண் சமமானால், அண்மையில் வெற்றிகரமாக ஓடியது முந்தும். ப்ரொஃபைலே இல்லாத ஈதர்நெட் போர்ட்டுக்கு நெட்வொர்க்மேனேஜர் தானே உருவாக்கும் ப்ரொஃபைல் -999-இல் இருக்கும். நாம் எழுதியது எதுவும் அதை முந்திவிடும்.

வைஃபையும் கேபிளும் இரண்டும் இருக்கும்போது கேபிள் வழியாகவே இணையம் போகட்டும் என்று இந்த எண்ணை உயர்த்துகிறவர்கள் நிறைய. அது பலிக்காது. இந்த எண் ஒரு சாதனத்துக்குள் எந்த ப்ரொஃபைல் என்று தீர்மானிப்பது. சாதனங்களுக்கு இடையே போட்டி வைப்பதில்லை. இரண்டும் இணைந்தே இருக்கும். எதன் வழியே போவது என்பதை ரூட் மெட்ரிக் என்ற பாதை முன்னுரிமை எண் தீர்மானிக்கும். ஈதர்நெட்டுக்கு அது இயல்பாக 100, வைஃபைக்கு 600. சிறிய எண் வெல்லும். ஆகவே கேபிள் ஏற்கெனவே முன்னால்தான் நிற்கிறது.

டவுன் கட்டளையையும் இங்கே பொருத்திப் பார்க்கலாம். கனெக்‌ஷன் டவுன் கொடுத்தால் அந்த ப்ரொஃபைல் மீண்டும் தானாக இணையாமல் தடுக்கப்படுகிறது. சாதனமோ சும்மா இருக்கும் நிலைக்கு வந்து, அடுத்த பொருத்தமான ப்ரொஃபைலைத் தேடத் தொடங்கிவிடும். போர்ட் அமைதியாக இருக்க வேண்டும் என்றால் டிவைஸ் டிஸ்கனெக்ட்தான் சரியான கட்டளை.

"ஏற்ற சாதனம் கிடைக்கவில்லை"

இந்தச் செய்தியைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அடைப்புக்குள் ஒரு சாதனத்தின் பெயரும் ஒரு காரணமும் வருகின்றன. வருவது ஒரே ஒரு சாதனம்; நெட்வொர்க்மேனேஜர் நிராகரித்தவற்றின் முழுப் பட்டியல் அல்ல. சில நேரம் லூப்பேக்கின் பெயர் வந்துவிடும். உடனே லூப்பேக்கில் என்ன கோளாறு என்று தேடி அலைவார்கள். லூப்பேக்கில் கோளாறு எதுவும் இருக்காது. நீங்கள் விரும்பிய போர்ட் ப்ரொஃபைலோடு பொருந்தவில்லை என்பதுதான் அங்கே பெரும்பாலும் செய்தி.

காரணங்களில் மூன்று அடிக்கடி வரும். பெயர் வேறு என்றால் மேலே சொன்ன பிசிஐ கதை. டிவைஸ் ஸ்டேட்டஸ் கட்டளையில் வரும் பெயரையும் கோப்பில் உள்ள பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேரியர், அதாவது கேபிளில் வரும் சிக்னல், இல்லை என்றால் கேபிளைப் பாருங்கள், ஸ்விட்ச்சைப் பாருங்கள். மென்பொருளில் திருத்த எதுவும் இல்லை. சாதனம் நிர்வாகத்தில் இல்லை என்று வந்தால், அந்த போர்ட்டைத் தொடாதே என்று வேறோர் அமைப்புக் கோப்பில் எழுதியிருக்கிறது. உபுண்டுவில் வைஃபை, மொபைல் மோடம் தவிர மற்றவற்றை நெட்வொர்க்மேனேஜர் தொடாமல் விடும்படி ஒரு கோப்பு தொகுப்போடு வருகிறது. டெஸ்க்டாப்பில் அது செயலிழக்கச் செய்யப்பட்டிருக்கும், சர்வரில் இருக்காது. சர்வரில் பிறகு நெட்வொர்க்மேனேஜரை நிறுவுகிறவர்கள் இந்தச் சுவரில் முட்டுகிறார்கள்.

வைஃபைக்கு ஒரு வார்த்தை. தானாக இணைய வேண்டுமானால் அந்த நெட்வொர்க் தேடல் பட்டியலில் தெரிந்திருக்க வேண்டும், அல்லது மறைந்த நெட்வொர்க் என்று ப்ரொஃபைலில் குறித்திருக்க வேண்டும். நாமே கட்டளையிடும்போது இந்தச் சோதனை தளர்த்தப்படுகிறது. தானாக இணையாத வைஃபை கையால் இயக்கினால் இணைகிறதே என்று வியப்பவர்கள், மறைந்த நெட்வொர்க்குக்கான அந்தக் குறி விடுபட்டதா என்று பார்க்கலாம்.

இந்த உரையைப் படிப்பவர்களில் எங்கோ ஒரு ராக்கில் இருக்கும் சர்வரை எஸ்எஸ்எச் வழியாகப் பராமரிப்பவர்கள் இருந்தால், அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஈதர்நெட் ப்ரொஃபைல்களை இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள். இன்டர்ஃபேஸ் பெயரோ மேக் முகவரியோ எழுதாமல் இருந்தால், ஏதாவது ஒன்றை எழுதுங்கள். கோப்பு ரூட் பயனருக்கு உரியதாகவும் 600 அனுமதியோடும் இருக்கட்டும். இல்லாவிட்டால் நெட்வொர்க்மேனேஜர் அதைப் படிக்காமல் ஒதுக்கிவிடும். கையால் திருத்திய கோப்பு கனெக்‌ஷன் ரீலோட் கொடுத்தால்தான் அதற்குத் தெரியும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு அப்போதும் மாறாது. அடுத்த அப் கட்டளையில்தான் மாறும். அந்தக் கட்டளையை, சர்வரின் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கொடுங்கள்.